பையனுக்கு வேன், பெண்ணுக்கு நடை

சென்ற இதழில் வேர்க்குருவைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களை நான் இன்னும் படித்து முடிக்கவில்லை. அதற்குள் வேறொரு விஷயம் வாசல்படி ஏறி வந்துவிட்டது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்; சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டியில். என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்துப் போர்ஷனில் ஒரு சின்னக் குடும்பம். அந்தப் பெண்ணின் புருஷனுக்கும் சிப்காட்டில்தான் வேலை. ஆனால் கான்ட்ராக்ட். ஷிப்ட் இருந்தால் சம்பளம், இல்லாவிட்டால் இல்லை. மாமியார் வீடு ஆரம்பாக்கம் பக்கம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வந்தால் தமிழ். ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் இப்படி எத்தனையோ குடும்பங்கள்.

ஏப்ரல் மாதக் கடைசி. மொட்டை மாடியில் கூழ் வடாம் பிழிந்துகொண்டிருந்தேன். அவள் வந்து உட்கார்ந்து, கேட்காமலே ஓர் அச்சை எடுத்துக்கொண்டு தானும் பிழிய ஆரம்பித்தாள். ஏதோ மனதில் இருக்கிறது என்று புரிந்துவிட்டது.

"அக்கா, ஒரு யோசனை சொல்லுங்க. பெரியவ அஞ்சாவது முடிச்சிட்டா. சின்னவனை ஒண்ணாவது போடணும். ரெண்டு பேருக்கும் ஃபீஸ் கட்ட எங்களால ஆவாது. பையனை மட்டும் வேன்ல அனுப்பிச்சிட்டு, பொண்ணை கவர்மென்ட்ல ஆறாவது போட்டுடலாம்னு அவரு சொல்றாரு. அவ எப்படியும் படிச்சிக்குவாக்கா. சமத்து."

என் கை நின்றுவிட்டது. கடைசியாக அவள் சொன்ன வார்த்தை நான் சொன்ன வார்த்தை. அப்படியே, எழுத்து மாறாமல்.

2015 ஜூன் மாதம் அது. என் மகன் பத்தாவது முடித்துப் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறான். மகள் ஐந்தாவது முடித்து ஆறாவதுக்குப் போகிறாள். அதுவரை இருவரும் ஒரே மெட்ரிகுலேஷன் பள்ளி, ஒரே வேன். அந்த வருஷம் பையனுடைய ப்ளஸ் ஒன் ஃபீஸைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. இவர் இரண்டு ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் படுத்துக்கொண்டார். வாயைத் திறந்தது நான்தான். "பொண்ணை கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாத்திடலாம். அவ எப்படியும் படிச்சுப்பா, சமத்து." இத்தனை வருஷமாக யார் கேட்டாலும், "அவர்தான் மாத்திட்டாரு" என்று பழியை அவர் மேல் போட்டு வந்திருக்கிறேன். எழுதும்போதாவது உண்மையைச் சொல்ல வேண்டுமே.

காலை ஏழேகாலுக்கு வேன் வரும், பையன் ஏறிப் போவான். எட்டரைக்கு மகள் நடந்து கிளம்புவாள். முதல் வாரம் அவள் ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டாம் வாரம், இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தபோது, "அம்மா, வேன்ல என் சீட்டுல இப்ப யாரு உக்கார்றாங்க?" என்றாள். நான் ரிப்பனை இறுக்கி முடிந்துவிட்டு, "யாரோ" என்றேன்.

அரசுப் பள்ளியில் பாடம் நடந்தது. டீச்சர்கள் படித்தவர்கள், வயதில் மூத்தவர்கள். கணக்கு டீச்சர் மட்டும் மாற்றலாகிப் போய் ஐந்து மாதம் ஆள் வரவில்லை. அது ஒரு பெரிய குறைதான், மறைக்க மாட்டேன். அதைவிடப் பெரிய குறை எனக்கு ஏழாம் வகுப்பில்தான் தெரிந்தது. குழந்தைக்குக் குளிர் நடுக்கத்தோடு ஜுரம். சிறுநீர் போனால் எரிச்சல், அடிவயிற்றில் வலி. பொன்னேரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறியாம்மா?" என்பது. குடிப்பதே இல்லையாம். காலையில் ஒரு டம்ளர் பாலோடு சரி; சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தண்ணீர். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே! அங்கே குழாயில் தண்ணீர் வராது, ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கி வைத்துக்கொண்டும் இருந்தால் பெண் குழந்தைகளுக்கு இந்தத் தொற்று வர அதுவே போதும் என்று டாக்டரம்மா சொன்னார். இரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அந்தப் பள்ளிக்குள் போய்ப் பார்த்ததில்லை. வேன் பள்ளியில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு உட்கார வைத்துக் கணக்குக் காட்டுவார்கள். இங்கே கூப்பிட ஆளில்லை, நானும் போகவில்லை.

பிறகு நாங்கள் நாலு அம்மாக்கள் சேர்ந்து போனோம். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. எட்டாம் வகுப்பு வரை நடத்தும் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. எங்களுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். தலைமையாசிரியை, பாவம், நல்ல மனுஷி. "நீங்க எழுதிக் குடுத்தா எனக்கும் மேல சொல்ல வசதிம்மா" என்றார். எழுதிக் கொடுத்தோம். தாழ்ப்பாள் ஒரு வாரத்தில் வந்தது. தண்ணீர் வர ஒன்றரை வருஷம் ஆனது.

வேனில் போன பையனின் கதையையும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு வருஷமும் அதே புத்தகம், அதே கேள்விகள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் மடிப்புக் கலையாமல் பரணில் கிடந்தது. மார்க்கு வந்தது, நானும் தெருவுக்கே லட்டு கொடுத்தேன். இன்ஜினீயரிங் போனான். முதல் வருஷக் கணக்கில் மாட்டிக்கொண்டு முழித்தான். அடிப்படையெல்லாம் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்ததாம், அது பரணில் இருந்தது! அந்தப் பேப்பரை அவன் மூன்றாம் தடவை எழுதித்தான் முடித்தான். பல பள்ளிகளில் இந்த வழக்கம் இருந்ததால்தான் 2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டு வந்தார்கள். 2025-ல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஆகவே, மேல்நிலை வகுப்பில் பிள்ளை இருக்கும் சகோதரிகள் அவ்வப்போது பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் எடுத்து, மடிப்புக் கலைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மகள் மாநிலத்தில் முதலாவதாக வந்தாள் என்று எழுதினால் படிக்க நன்றாயிருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 2020-ல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பரீட்சையே நடக்காமல் எல்லோரும் பாஸ். ப்ளஸ் ஒன்னைப் பாதி செல்போனிலும் பாதி கல்வித் தொலைக்காட்சியிலும் படித்தாள். 2022-ல் பன்னிரண்டு முடித்து, பொன்னேரியில் அரசுக் கல்லூரியில் சேர்ந்தாள். அந்த வருஷம் செப்டம்பர் 5-ந் தேதிதான் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, கல்லூரியில் படிக்கும்வரை மாதம் ஆயிரம் ரூபாய். மூன்று வருஷமும் அவள் கணக்கிலேயே விழுந்தது. அதை எடுத்து அவள் முதலில் வாங்கியது ஒரு நல்ல தண்ணீர் பாட்டில். இங்கிலீஷ் பேசுவதில் இன்றைக்கும் பையன்தான் கெட்டி. அவள் யோசித்து யோசித்துத்தான் பேசுகிறாள். இதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

இவ்வளவையும் வடாம் காய்வதற்குள் அவளிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப பையனையும் பொண்ணையும் ஒரே மாதிரி பண்ணணும்னு சொல்றீங்க" என்றாள். "நான் ஒண்ணும் சொல்லலை. முதல்ல போய்ப் பார்ப்போம், வா" என்றேன்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது ஒரு பெரிய போர்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, பப்ளிக் ஸ்கூல்னு போட்டிருக்குதே, அது கவர்மென்டுதானே?" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை, பப்ளிக் என்றால் பொது என்றுதானே அர்த்தம்! ஆனால் இங்கிலாந்தில் பப்ளிக் ஸ்கூல் என்றால் ஈட்டன் மாதிரி பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளி. நம் ஊர் தனியார் பள்ளிகள் அந்தப் பெயரைத்தான் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. அங்கே பப்ளிக் ஸ்கூல் என்றால் சர்க்கார் பள்ளி, ஃபீஸே கிடையாது.

என் நாத்தனார் மகள் நியூயார்க்கில் இருக்கிறாள். அவள் பெண் எட்டாவது படித்தபோது போனில் ஒரே புலம்பல். "அரசாங்கப் பள்ளிதானே, ஃபீஸும் இல்லை, அப்புறம் என்னடி கவலை?" என்றேன். அங்கே எட்டாவது முடிக்கும் பிள்ளைகள் ஹைஸ்கூலுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமாம். நகரத்தில் 400-க்கும் மேற்பட்ட அரசு ஹைஸ்கூல்கள். எது வேண்டுமென்று வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதிலே எட்டுப் பள்ளிகளுக்கு மட்டும் தனியாக ஒரு நுழைவுத் தேர்வு. ஸ்டைவசென்ட், பிராங்க்ஸ் சயன்ஸ், புரூக்ளின் டெக் என்ற மூன்றுக்கும் அந்த ஒரு பரீட்சையைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது என்று 1971-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஒரு டாலர் ஃபீஸ் இல்லாத அந்த அரசுப் பள்ளியில் இடம் பிடிக்க, குழந்தைகள் காசு கொடுத்து ட்யூஷன் போகிறார்கள். தனியார் பள்ளியில் போடலாமென்றால் பெயர் பெற்ற பள்ளிகளில் வருஷத்துக்கு 50 ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்களாம். வேறு ஊர்களில் வீடு எந்தத் தெருவிலோ அந்தத் தெருவுக்கான பள்ளிதான். அதனால் நல்ல பள்ளி இருக்கும் பக்கம் வீட்டு வாடகை ஏறிவிடுகிறது. ஃபீஸ் இல்லை என்று சொல்லிவிட்டு வாடகையாக வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இதையெல்லாம் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கயும் நம்ம பாடுதானா அக்கா!" என்றாள்.

முதலில் தனியார் பள்ளிக்குப் போனோம். ஆபீஸில் இருந்த பெண் மரியாதையாகப் பேசினாள். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ல் சட்டம் வந்திருக்கிறது, ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு இருக்கிறது. "அந்தக் குழு சொன்ன ஃபீஸ் எவ்வளவும்மா?" என்று நான் கேட்டதும் அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதைச் சொன்னாள். அதற்கு மேல் புத்தகம், நோட்டு, யூனிபாரம் இரண்டு செட், ஷூ, கம்ப்யூட்டர், வேன். எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்ல நான் காலண்டர் தாளில் எழுதிக் கூட்டினேன். முப்பத்தெட்டாயிரம் வந்தது. இவள் புருஷனுக்கு ஷிப்ட் முழுதாகக் கிடைத்த மாதம் பதினாலாயிரம். ஒன்றாம் வகுப்புக்கே இப்படி.

"பாடம் வேற நல்லா இருக்குமில்லக்கா?" என்றாள் இவள். இந்த எண்ணம் நம்மில் பல பேருக்கு இருக்கிறது. ஒரு காலத்தில் அது உண்மை. மெட்ரிகுலேஷனுக்குத் தனிப் பாடத்திட்டம், தனிப் புத்தகம் இருந்தது. சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-ல் வந்து, வழக்கு நடந்து, 2011 ஆகஸ்ட் 9-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். சி.பி.எஸ்.இ. என்றால் வேறு. ஆகவே மெட்ரிக்கில் நாம் ஃபீஸ் கட்டுவது பாடத்துக்காக இல்லை. இங்கிலீஷ் பேச்சு, வேன், கண்காணிப்பு இவற்றுக்காக. அது வேண்டும், கட்டவும் முடியும் என்றால் தாராளமாகக் கட்டலாம். நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் டீச்சரம்மாக்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்டபோது அந்தப் பெண் பதில் சொல்லாமல் நோட்டைப் புரட்டினாள். சம்பளம் குறைவு, நடு வருஷத்தில் வேறு இடம் கிடைத்தால் போய்விடுகிறார்கள். வேனையும் ஏறிப் பார்த்துவிடுங்கள். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சின்னக் குழந்தை உயிரை விட்டது. பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும்! அதன் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. அவசரக் கதவு இருக்கிறதா, டிரைவரைத் தவிர ஓர் ஆள் கூட வருகிறாரா என்று கேட்க வெட்கப்படக் கூடாது.

ஃபீஸ் இல்லாமல் தனியார் பள்ளியில் சேர்க்கவும் வழியுண்டு. கல்வி உரிமைச் சட்டத்தில் ஆரம்ப வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு. இவள் பையனுக்கும் முயற்சி செய்திருக்கலாம். ஆனால் அந்தச் சலுகை எட்டாவது வரைதான். ஒன்பதாவதில் முழு ஃபீஸ் கட்டு என்பார்கள். அப்போது கையில் பணமிருக்குமா என்று இப்போதே யோசிக்க வேண்டும்.

அங்கிருந்து அரசு மேல்நிலைப் பள்ளி. நான் நேரே பாத்ரூமுக்குத்தான் போனேன். வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. நாலு கதவில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. தலைமையாசிரியை ஒளிக்காமல் பேசினார். கணக்கு டீச்சர் பணியிடம் ஒன்று காலி, வேறு டீச்சர்தான் சேர்த்துப் பார்க்கிறார் என்றார். ஆறாவதில் இங்கிலீஷ் மீடியம் வகுப்பு இருக்கிறது, வேண்டுமென்றால் சேர்க்கலாம் என்றார். பன்னிரண்டு வரை அங்கேயே இருக்கிறது என்பது எனக்குப் பெரிய நிம்மதி. உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தோடு முடிந்துவிடும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் நின்றுபோவது அந்த இடத்தில்தான். பதினொன்றாவதுக்குக் கும்மிடிப்பூண்டிக்கோ பொன்னேரிக்கோ பஸ் ஏற வேண்டும், "இருட்டுக்குள்ள வீடு வந்து சேருவாளா?" என்ற ஒரு கேள்வியில் படிப்பு நின்றுவிடும். ஆறாவது சேர்க்கும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொண்டால் நல்லது.

இன்னொன்றும் தலைமையாசிரியை சொன்னார். இதைச் சகோதரிகள் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் என்று 2020-ல் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் இன்ஜினீயரிங் முதலான படிப்புகளுக்கும் வந்தது. புதுமைப் பெண் பணத்தைப் போலவே இதற்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் எட்டாவதில், "கொஞ்சம் கையில் காசு வந்திருக்கிறது, இரண்டு வருஷம் இங்கிலீஷ் பழகட்டும்" என்று ஆசைப்பட்டு ஃபீஸ் கட்டித் தனியார் பள்ளிக்கு மாற்றினால், அந்த ஏழு வருஷக் கணக்கு அறுந்துவிடும். தெரியாமல் இப்படிச் செய்துவிட்டுப் பன்னிரண்டாவதில் அழுத ஒரு அம்மாவை எனக்கே தெரியும். மாற்றுவது தப்பில்லை, தெரிந்து மாற்ற வேண்டும்.

அப்போ பையன்? ஒன்றாவதுக்கு அவன் அக்கா படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியையே பார்த்தோம். இரண்டு டீச்சர், ஐந்து வகுப்பு. இது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, இவளிடமும் சொன்னேன். ஆனால் அக்காவுக்குத் தமிழும் கூட்டல் பெருக்கலும் நன்றாகவே வருகிறது, அந்த டீச்சர்தான் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தை ஆறு மாதத்தில் தமிழ் எழுத்துக் கூட்டிவிட்டதாம். காலைச் சாப்பாடும் உண்டு. 2022-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம். கிராமங்களில் இருக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் 2024 ஜூலை 15-ல் விரிவாக்கினார்கள். அதை ஆரம்பித்ததே நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான். காலை ஷிப்டுக்குப் புருஷனை ஐந்தரைக்கு அனுப்பிவிட்டுத் தானும் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கப் போகிறவளுக்கு, பிள்ளை சூடாகச் சாப்பிடும் என்பது சின்ன விஷயமா?

வீட்டில் பெரிய ரகளை. மாமியார் ஆரம்பாக்கத்திலிருந்து கிளம்பி வந்துவிட்டார். "பொட்டப் புள்ளைய போடு, யாரு வேணாம்னா? ஆம்பளப் புள்ளைய கவர்மென்ட்லயா போடுவாங்க?" என்று சத்தம். இவள் நிதானமாக அந்தக் காலண்டர் தாளை எடுத்துப் புருஷன் முன்னால் வைத்தாள். "இந்தப் பணத்துல பாதிய ரெண்டு பேர் பேர்லயும் போஸ்டாபீஸ்ல போடுவோம். மீதில பொண்ணுக்கு கணக்கு ட்யூஷன். டீச்சர் இல்லன்னு அவங்களே சொல்றாங்க இல்ல?" அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என் வீட்டுக்காரர் 2015-ல் பார்த்த மாதிரியே. ஆனால் இந்தத் தடவை வாயைத் திறந்த பெண் வேறு வார்த்தை சொன்னாள்.

ஜூனில் இரண்டு பேரும் சேர்ந்தாகிவிட்டது. பையன் முதல் வாரம் அழுதான். இப்போது, "ஸ்கூல் பொங்கல் மாதிரி நீ ஏன் பண்ண மாட்டேங்கறே?" என்று அம்மாவைக் கேட்கிறானாம். மாமியார் இன்னும் பேசவில்லை.

இதை எழுதி முடித்துவிட்டு மகளிடம் படிக்கக் கொடுத்தேன். அவளைப் பற்றி எழுதியிருக்கிறேனே, கேட்க வேண்டாமா? முழுதும் படித்தாள். தண்ணீர் வர ஒன்றரை வருஷம் இல்லை, இரண்டு வருஷம் என்று திருத்தினாள். பிறகு தாளை மடித்துக் கொடுத்துக்கொண்டே, "வேன்ல என் சீட்டுல யாரும் உக்காரலம்மா. ரொம்ப நாள் அண்ணன் அதுல அவன் பையை வெச்சுப் பிடிச்சு வெச்சிருந்தான். நான் திரும்பி வந்துடுவேன்னு நெனச்சானாம்" என்றாள்.

வேர்க்குருக் கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.